பசிக்கிற கல்

ஜனவரி 29, திங்கள்

உலகத்திலுள்ள பைத்தியங்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஊரில் கூடும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. ஊரின் பெயர் டூசான். அமெரிக்காவில், பாலைவனத்துக்கு நடுவில் இருக்கிறது. எதற்குக் கூடுகிறார்கள் என்றால், கல் வாங்க, கல் விற்க. என் பிள்ளை முகுந்தன் விற்கிற பைத்தியம். கம்ப்யூட்டர் கம்பெனியில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டுக் கல்லில் இறங்கினான். வீட்டு வாடகை, அரிசி, பருப்பு எல்லாம் மருமகள் இளவேனில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக் கொண்டுவருவது. அவள் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஃபீனிக்ஸில் இருக்கிறாள். இவன் இங்கே மோட்டல் அறையில் கல்லை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மன்னார்குடியிலிருந்து நான் வந்தது இந்தக் கூத்தைப் பார்க்க அல்ல. பெருமாளைக் கொண்டுவந்து ஒப்படைக்க. வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. "சாளக்கிராமம் முகுந்தன்கிட்டதான் போகணும்" என்பது அவருடைய கடைசிப் பேச்சு. என்னைப் பற்றிக் கடைசியாக ஒன்றும் சொல்லவில்லை.

பெண்கள் தொடக் கூடாது என்பதால் பெருமாள் வெள்ளிப் பெட்டிக்குள், பெட்டி பட்டுத் துணிக்குள், துணி என் கைப்பைக்குள். சென்னை விமான நிலையத்தில் காக்கிச்சட்டைப் பெண் ஒருத்தி பெட்டியைத் திறக்கச் சொன்னாள். "என்ன மேடம் இது?" "பெருமாள்." "கல்லு மாதிரி இருக்கே?" "பெருமாள்." அவள் கையுறை போட்ட விரலால் உருட்டிப் பார்த்தாள். நாற்பத்துநாலு வருஷமாக நான் தொடாததை அவள் இரண்டு நிமிஷத்தில் தொட்டுவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. விமானமும் ஒழுங்காகத்தான் பறந்தது.

ஜனவரி 31, புதன்

மோட்டல் என்றால் நம் ஊர் லாட்ஜ்தான், வரிசையாகத் தரையோடு தரையாக அறைகள். இந்த இரண்டு வாரத்துக்கு அறையிலிருக்கும் கட்டில்களை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு மேஜை போட்டுக் கடையாக்கிவிடுகிறார்கள். விற்கிறவனும் அங்கேயே படுத்துக்கொள்கிறான். இந்த மாதிரி ஊர் முழுக்க மோட்டல்கள், கூடாரங்கள். முகுந்தன் அறையில் எனக்காக ஒரு கட்டிலை மட்டும் விட்டுவைத்து முன்னால் திரை கட்டியிருக்கிறான். திரைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்த பூச்சிகள்.

பூச்சி என்று சொன்னால் பிள்ளைக்குக் கோபம் வருகிறது. "ட்ரைலோபைட்மா. மனுஷாள்லாம் பொறக்கறதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாடி இருந்தது." பார்த்தால் கரப்பான்தான். எங்கள் சமையலறை அலமாரிக்குப் பின்னால் உயிரோடு இருந்ததை நான் துடைப்பத்தால் அடித்தேன். இவன் செத்ததைத் துடைத்துப் பாலிஷ் போட்டு விற்கிறான்.

இந்த அறையில் பெருமாளை எங்கே வைப்பது என்று பெரிய விவாதம் நடந்தது. மேஜையில் வைத்தால் வியாபாரப் பொருளாகிவிடும். தரை ஆகாது. பக்கத்துச் சுவர் கழிப்பறைச் சுவர். கடைசியில் சின்ன ஃப்ரிட்ஜின் தலையில் ஒரு புதுத் துண்டை விரித்து வைத்தான். ஃப்ரிட்ஜுக்குள் போன வாரத்து முட்டை இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

ஊர்கோலம் போனோம். ஒரு கூடாரத்தில் டைனோசர் எலும்புக்கூடு முழுசாக நின்றது. விலைக்குத்தான். ஒருவன் அதன் முன்னால் நின்று, காரில் ஏற்ற முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். இன்னொரு மேஜையில் சாணம். டைனோசருடைய சாணம், கல்லாகிப்போனது, பளபளவென்று அறுத்துத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் வைத்திருந்தார்கள். ஒரு பெண் அதைக் காதில் வைத்துக் கண்ணாடியில் அழகு பார்த்தாள். அழகுதான்.

அடுத்த கூடாரத்தில் ஒருத்தி ஊதாக் கல்லை என் நெற்றிக்கு எதிரே ஆட்டி, என்னுள் பழைய துக்கம் ஒன்று கட்டிக்கிடப்பதாகவும் இந்தக் கல் அதை உறிஞ்சிவிடும் என்றும் சொன்னாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்து மற்றவர்களின் துக்கத்தை எல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். என்னிடமே கதை விடுகிறாள். "லைன் பிஸி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பக்கத்து அறைக்காரன் டேல் என்று ஒரு கிழவன். இடுப்புவரை தாடி. எலும்பா கல்லா என்று சந்தேகம் வந்தால் நாக்கை நீட்டி நக்கிப் பார்க்கிறான். பழைய எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளுமாம், கல் ஒட்டாதாம். இவன் நக்கியதை அடுத்தவன் வாங்கி அவனும் நக்குகிறான். ஊரே நக்குகிறது. ஒரு வாய் தீர்த்தத்தைத் தூக்கிக் குடிக்காமல் உதட்டில் வைத்துக் குடித்தால் பாத்திரத்தையே ஒதுக்கிவைத்த குடும்பத்துப் பிள்ளை, பத்து அடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்று பார்த்ததை எழுதாமல் இருக்க முடியாது.

நேபாளத்துக்காரன் ஒருவன் கடை போட்டிருக்கிறான். பிளாஸ்டிக் தட்டு நிறையச் சாளக்கிராமம். கறுப்பாக, உருண்டையாக, சக்கரத் துவாரத்தோடு, எங்கள் ஃப்ரிட்ஜ் தலையில் இருக்கிறவருக்குக் கூடப்பிறந்தவை மாதிரி. ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு. விலை பேசுவதே பாவம் என்று அவர் சொல்வார். இங்கே மூன்று வாங்கினால் ஒன்று சும்மா.

யாரோ கேட்டார்கள் என்று கடைக்காரன் ஒன்றை எடுத்துச் சுத்தியலால் பட்டென்று போட்டான். இரண்டாகப் பிளந்தது. உள்ளே சுருள் சுருளாக நத்தை.

நத்தை! நாற்பத்துநாலு வருஷம் விடிகாலையில் குளித்து, ஈரப் புடவையோடு அடுப்பு மூட்டி, உப்புப் பார்க்காமல் சமைத்து, பெருமாள் சாப்பிட்டு முடிகிறவரை பசியோடு காத்திருந்து, ஆறிப்போனதைத் தின்றேனே, ஒரு நத்தைக்காகவா? நடைபாதையில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைத்தியங்கள் பார்த்தால் எனக்கு என்ன.

"அவருக்கு இதைக் காட்டியிருக்கணும்டா" என்றேன்.

முகுந்தன் சாதாரணமாகச் சொன்னான்: "அப்பாவுக்குத் தெரியும்மா. நான்தான் சொன்னேன். அம்மோனைட், கடல் பிராணின்னு. அப்பா சிரிச்சார். 'பெருமாள் எங்கேயும் இருப்பார்ங்கறே, நத்தைக்குள்ளே இருக்கக் கூடாதோ'ன்னு கேட்டார்."

அவருக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு.

பிப்ரவரி 3, சனி

காலையில் இளவேனில் வந்தாள். இரவு ஷிப்ட் முடித்து அப்படியே காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வயிற்றில் ஐந்து மாதம். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூத்துக்குடிப் பெண், அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. பெருமாளை விட்டுவிட்டு எப்படிப் போவது? இவளோடு நான் போனில் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. நல்ல பெண் என்றோ கெட்ட பெண் என்றோ எனக்கு அபிப்பிராயம் கிடையாது.

"சாப்டீங்களா அத்தை? குளிரு தாங்குதா?" என்று என் காலைத் தொட்டாள். குனிந்தவள் நிமிரும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல அத்தை. சும்மா தலைய சுத்துது."

முகுந்தன் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆசையாகத்தான் பேசினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி வாத்தியார் வீடியோவில் வந்து மந்திரம் சொல்லப் போகிறார், அன்றிலிருந்து பெருமாள் முறைப்படி நம் ஆத்துக்கு வந்துவிடுவார் என்றான். கண் மின்னியது. அப்புறம் சொன்னான்:

"சின்னச் சின்ன மாத்தம்தான் இளா. ஆத்துல முட்டை, மீன் வேண்டாம். வெங்காயம், பூண்டு பார்த்துக்கலாம். காலம்பற குளிச்சுட்டு ஒரு சாதம், ஒரு பருப்பு. அவ்வளவுதான். அம்மா கூடவே இருந்து சொல்லித் தருவா."

"காலைல நான் ஷிப்ட் முடிச்சு வர்றதே எட்டு மணி ஆகுமே..."

"ஷிப்ட் மாத்திக் கேளேன். பகவானுக்குப் பசிக்கும் இல்லையா?"

நான் திரைக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. சொல் அவருடையது. குரல்கூட அவருடையது. மூக்கை லேசாக உறிஞ்சிவிட்டுச் சொல்வார், அதுவும் அப்படியே.

இளவேனில் தண்ணீர்த் தம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எங்கம்மா ஏப்ரல்ல வர்றதா இருக்காங்கல்ல. டிக்கெட் பார்த்துட்டிருக்காங்க. அவங்களுக்கு மீன் இல்லாம..." என்றாள்.

"அதான் நானும் யோசிச்சேன். பிரசவத்துக்கு அம்மாதான் இருக்காளே. உங்கம்மா அப்புறமா, குழந்தைக்கு ஒரு வயசு ஆனப்புறம் வரட்டுமே."

"சரி" என்றாள்.

அந்தச் சரியை எனக்குத் தெரியும். அதை நான் பல வருஷம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இளவேனில் ஊருக்குக் கிளம்புமுன் கார் நிறுத்துகிற இடத்தில் நின்று தன் அம்மாவோடு போனில் பேசினாள். நான் குப்பை போடப் போனேன். ஒட்டுக்கேட்பது என் தொழிலாக இருந்தது, விட்டுப்போகாது. "இப்ப வேண்டாம்மா. டிக்கெட் வெலை ஜாஸ்தியா இருக்கு. அத்தை இருக்காங்க, நல்லாப் பார்த்துக்குவாங்க. நீ அழாதம்மா. நான் அழலையே" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அப்போது முகுந்தன் என் வயிற்றில் ஏழு மாதம். தஞ்சாவூரில் என் அம்மாவுக்கு ஜுரம், நினைவு தப்பித் தப்பி வருகிறது, குமுதா குமுதா என்று என்னைக் கேட்கிறாள் என்று ஆள் வந்து சொன்னான். அவரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை போயிட்டு வரலாம். பெருமாளுக்குத் தளிகை யார் பண்ணுவா?" என்றார். மாதத்தில் மூன்று நாள் நான் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரேதான் சமைப்பார். உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. அந்தக் கல் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதை எடுத்துச் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. சரி என்றேன். அம்மா வியாழக்கிழமை போய்விட்டாள்.

நான் அவரை அதற்காக மன்னிக்கவில்லை. அவர் நல்லவர்தான், கை ஓங்கியதில்லை, ஒரு காசு வெளியே செலவழித்ததில்லை. ஆனாலும் மன்னிக்கவில்லை. இன்றுதான் இதை எழுத்தில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, திங்கள்

முகுந்தன் இன்று ஒரு பெரிய நத்தையை விற்றான். கொண்டாட்டமாக இருக்கிறான். வாழ்க.

பிப்ரவரி 7, புதன்

அவனிடம் பேசிப் பார்த்தேன். நல்லபடியாகத்தான் பேசினேன். மடத்தில் கொடுத்துவிடலாம், எத்தனையோ குடும்பங்கள் கொடுக்கிறார்கள், அவர்கள் நம்மைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"நீயாம்மா இப்படிப் பேசறே?" என்று அதிர்ந்துபோனான். "நீ எப்படிப் பார்த்துண்டே! ஒரு நாள் விட்டிருக்கியா? அப்பா எல்லார்கிட்டயும் சொல்வார், குமுதவல்லி பண்ற தளிகைக்காகத்தான் பெருமாள் நம்மாத்துல இருக்கார்னு."

எல்லாரிடமும் சொல்வாராம். என்னிடம் சொன்னதில்லை.

"இளவேனிலுக்கு முடியாதுடா."

"உனக்கு முடிஞ்சுதே."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? படித்தவன், கல்லின் வயசைக் கோடிக் கணக்கில் சொல்கிறவன். எதிரே இருக்கிறவள் முகம் படிக்கத் தெரியவில்லை. போய்த் திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் முகுந்தன் குளித்து, பெருமாளுக்கு ஒரு சொட்டுத் தீர்த்தமும், ஊரிலிருந்து நான் கொண்டுவந்த காய்ந்த துளசியில் ஒரு இலையும் வைத்தான். பிறகு வேறொரு மோட்டலில் யாரோ புதுச் சரக்கு இறக்கியிருப்பதாகச் சொல்லி, "கொஞ்ச நேரம் கடையைப் பார்த்துக்கோம்மா. விலையெல்லாம் மஞ்சச் சீட்டுல ஒட்டியிருக்கு" என்று ஓடிவிட்டான்.

கடை பார்ப்பது ஒன்றும் பிரமாதம் இல்லை. வருகிறவர்கள் தூக்கிப் பார்க்கிறார்கள், தட்டிப் பார்க்கிறார்கள், நக்குகிறார்கள், போகிறார்கள்.

வெயில் ஏறின பிறகு ஒரு கிழவி வந்தாள். என் வயசு இருக்கும். தொப்பி, சுருங்கின கை, சுத்தமான நகம். ஆரவாரம் இல்லாத பொம்மனாட்டி. ஊருக்கு வெளியே தனியாக இருக்கிறாளாம், புருஷன் இல்லை, ஒரு பூனை உண்டு. சமையலறை ஜன்னலில் வைக்கக் கைக்கு அடக்கமாக ஏதாவது வேண்டும் என்றாள். மேஜையில் இருந்ததில் ஒரு கறுப்புக் கல்லைக் காட்டினாள்.

எடுத்துக் கொடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நினைத்ததைவிட வழுவழுப்பாகவும் இருந்தது. முதலில் சில்லென்று இருந்து, பிறகு கைச்சூடு ஏறிக்கொண்டது.

"இதை எப்படிப் பராமரிப்பது? ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஒன்றும் வேண்டாம். இது போதுமான அளவு சாப்பிட்டாயிற்று" என்றேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. எட்டு டாலர் கொடுத்தாள். பேப்பரில் நன்றாகச் சுற்றிக் கொடுத்தேன். துளசி இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியும் என்று கேட்டேன். மலை தெரியும் என்றாள்.

வேறு வியாபாரம் ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் ரொட்டி சாப்பிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் வெள்ளிப் பெட்டியைத் திறந்தவன் கத்திவிட்டான். பெட்டி காலி.

ஃப்ரிட்ஜைத் தள்ளிப் பார்த்தான். கட்டிலைத் தூக்கிப் பார்த்தான். மேஜைத் துணிகளை எல்லாம் உதறினான். கரப்பான்கள் நாலாபக்கமும் சிதறின. டேல் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து அவனும் முட்டிபோட்டுத் தேடினான்.

"அம்மா, நீ எங்கேயாவது எடுத்து வெச்சியா?"

"நான் எப்படிடா எடுப்பேன்?" என்றேன். "நான்தான் தொடக் கூடாதே."

அவன் உடனே, "ஆமாம், ஆமாம், உன்னைப் போய்க் கேட்கறேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அந்தச் சட்டத்தை எவன் போட்டானோ தெரியாது. இத்தனை வருஷத்தில் அதனால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

பிப்ரவரி 10, சனி

முகுந்தன் நேற்றும் இன்றும் அறை அறையாகப் போய்க் கேட்டான். கறுப்பாக, இவ்வளவு பெரிசாக, ஒரு துவாரத்தோடு. இந்த ஊரில் இப்போது அப்படிக் கல் எத்தனை இருக்கும்? எல்லாரும் பாவம் என்று தங்கள் தட்டைக் காட்டினார்கள். யாரோ வந்தபோது பெட்டியோடு பார்த்துத் திருடியிருப்பார்கள் என்பது டேலின் கட்சி. வெள்ளிப் பெட்டியை விட்டுவிட்டுக் கல்லைத் திருடுகிற திருடன் இந்த ஊரில்தான் இருப்பான் என்றேன். அதை அவர்கள் ஆமோதித்தார்கள்!

சாயங்காலம் வாசல் படியில் உட்கார்ந்து அழுதான். வயசு நாற்பது ஆகிறது. "அப்பா கையை எனக்கு ஞாபகம் இருக்கும்மா. தீர்த்தம் விடறச்சே கல் மேலே விரல் படறது. நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்துண்டே இருப்பேன். அதைப் பார்த்துதாம்மா எனக்குக் கல் பைத்தியமே வந்தது" என்றான்.

எனக்கு இது தெரியாது. சமையலறையில் இருந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவன் அழுதது எனக்கு வலித்தது, இல்லை என்று எழுத மாட்டேன். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கிழவி தொப்பியோடு எதிர்ப்பக்கம் போவதுபோல இருந்தது. எழுந்து கூப்பிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. வேறு யாரோ. அப்படியே அவளாக இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா என்று தெரியாது.

இருட்டுவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நேபாளத்துக்காரன் கடைக்குக் கிளம்பினான். இன்னொன்று வாங்கப் போகிறானாம்! மூன்று வாங்கினால் ஒன்று சும்மா! இதை நான் யோசிக்கவே இல்லை. "வாத்தியாரைக் கேட்காமல் எதையும் பண்ணாதே" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கண்காட்சி இன்றோடு முடிகிறது. எல்லாரும் கல்லைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருக்க, எங்கள் அறையில் வாத்தியார் மன்னார்குடியிலிருந்து போனில் தோன்றினார். மேலே சட்டை இல்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இளவேனிலும் வந்திருந்தாள்.

முகுந்தன் எல்லாவற்றையும் சொன்னான். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். டிவியைக் கேட்டாரோ, யோசித்தாரோ. பிறகு சொன்னார்:

"பெருமாள் தானாத்தான் வருவார், தானாத்தான் போவார். அவர் கிளம்பிட்டார்னா நாம என்ன பண்ண முடியும்? உங்கப்பாவோட போகணும்னு இருந்திருக்கு."

"வேற ஒண்ணு இங்கே கிடைக்கறது. அதை வாங்கி..."

"ராம ராமா! விலை கொடுத்து வாங்கறதா? விலைன்னு ஒண்ணு வெச்சுட்டா அப்புறம் அது வெறும் கல்லுடா. பெரியவா கொடுத்து வரணும், இல்லேன்னா இல்லை. நீ மானசீகமாச் சேவிச்சுக்கோ, போதும்."

அவர் வாயில் இதுவரை உருப்படியாக ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. இன்று அவருக்கு மனசுக்குள் ஒரு நமஸ்காரம் போட்டேன். தட்சிணையைப் போனிலேயே அனுப்பும் வழியையும் சொல்லிவிட்டுத்தான் மறைந்தார்.

முகுந்தன் காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் காத்திருந்தேன். பிறகு, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, "இனிமே ஆத்துல மீன் வந்தா யாருக்கென்ன? உன் மாமியாரை ஏப்ரல்ல வரச் சொல்லு. எனக்கும் வயசாச்சு, பிள்ளைப்பேறு ஒத்தையா என்னால் பார்க்க முடியாது" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். இளவேனிலைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி" என்றான்.

அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய், ஃபீனிக்ஸ்

வீடு சின்னது, சுத்தமாக இருக்கிறது. விற்காத பூச்சிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகப் பால்கனியில். முகுந்தன் தூங்குகிறான். இரண்டு வாரத்துத் தூக்கம்.

காலையில் இளவேனில் துணி துவைக்க எடுத்தாள். என் புடவையை உதறினவள் நின்றாள். முந்தானையின் உள்பக்கம் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் எட்டு என்று எழுதி, பிடிக்காமல் அடித்துவிட்டு, மறுபடியும் எட்டு என்று எழுதியிருந்தது. முகுந்தன் எட்டைக் கோணலாக எழுதுவான். இது எக்ஸ்சேஞ்சில் சீட்டு எழுதிப் பழகின கையெழுத்து.

அவள் சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இங்கேயும் மலை தெரிகிறது.

சீட்டை உரித்து, விரலுக்கு நடுவே உருட்டி, குப்பைக் கூடையில் போட்டு, மேலே முட்டை ஓட்டையும் போட்டாள். கையைக் கழுவினாள்.

"அத்தை, தோசை வார்க்கட்டா?"

"வாரு" என்றேன்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தோசையைக் கல்லிலிருந்து எடுத்தவள், பழக்கம் தெரியாமல் எங்கே வைப்பது என்று ஒரு கணம் தயங்கினாள். "இங்கே" என்று தட்டை நீட்டினேன். ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, நடுவில் ஆவி வந்துகொண்டிருந்தது. யாருக்கும் காட்டவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கையோடு பிய்த்து வாயில் போட்டேன்.

நாக்கு சுட்டுவிட்டது. இன்னொன்று கேட்டேன்.